ஏழு கிலோவும் 115 சென்டிமீட்டரும்: மலிவு விமானங்களின் கைப்பைக் கணக்கு

கண்ணமங்கலத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு ஆரணி வழியாகப் போனாலும் வேலூர் வழியாகப் போனாலும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். இரவு விமானம் என்றால் லுஹர் தொழுகை முடிந்ததுமே வீடு பரபரப்பாகிவிடும். பெரிய பெட்டி முந்தைய நாளே கட்டப்பட்டிருக்கும். கடைசி வரை திறந்தே கிடப்பது கைப்பைதான். பாஸ்போர்ட், விசா தாள், ஒரு மாற்றுத் துணி, மருந்து என்று தொடங்கும். பிறகு அம்மா இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள், பெரியம்மா வீட்டுப் பலகாரம், ஜவ்வாது மலையிலிருந்து வந்த தேன் என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும்.

கடந்த ஆண்டு என் சித்தப்பா மகன் வளைகுடாவுக்கு முதன்முறையாக வேலைக்குப் புறப்பட்டபோதும் அப்படித்தான் நடந்தது. வீட்டுத் தராசில் கைப்பை ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே காட்டியது. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் அரை லிட்டர் தேன் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார்கள். சர்வதேசப் பயணத்தில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனில் திரவம் கூடாது என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தேன் போனதால் எடை குறைந்திருக்க வேண்டும். ஆனால் விமானத்தில் ஏறும் வாசலில் வைத்திருந்த தராசு ஏழரைக் கிலோவுக்கு மேல் காட்டியது. அங்கே கேட்ட தொகையைக் கொடுக்கும் அளவுக்கு அவனிடம் கையில் பணம் இல்லை. பலகாரப் பொட்டலத்தையும் ஒரு ஜோடி செருப்பையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு ஏறினான். ஷார்ஜாவில் இறங்கியதும் முதலில் அனுப்பிய குரல் பதிவில், "அம்மாகிட்ட சொல்லாதீங்கண்ணே" என்றான்.

நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இது ஒரு நிறுவனத்தின் கதையும் அல்ல. வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று பிழைப்புக்காகப் போகும் நம் குடும்பங்களில் பெரும்பாலானோர் மலிவுக் கட்டண விமானங்களையே நம்பியிருக்கிறோம். எனவே கைப்பைக்கான அளவு எங்கிருந்து வந்தது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், அதில் எது நியாயம், எது அநியாயம் என்று நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

இரண்டு வேறு விதிகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் "கைப்பை விதி" என்று சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

ஒன்று பாதுகாப்பு விதி. இதை வகுப்பது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம். பயணி ஒருவருக்கு ஒரே ஒரு கைப்பை என்று 2000-ஆம் ஆண்டிலேயே இந்தப் பணியகம் சுற்றறிக்கை வெளியிட்டது. பலரும் இரண்டு, மூன்று பைகளோடு வருவதால் சோதனை இடத்தில் நெரிசல் ஏற்படுகிறது என்று மத்திய தொழிற் பாதுகாப்புப் படை சுட்டிக்காட்டியதைத் தொடர்ந்து 2022 ஜனவரியில் இந்த விதி மீண்டும் வலியுறுத்தப்பட்டது. அந்த ஒரு பைக்குக் கணக்கில் சேராத பொருட்களின் பட்டியலும் அதே சுற்றறிக்கையில் இருந்தது. பெண்களின் கைப்பை, மேல்கோட்டு அல்லது போர்வை, படிப்பதற்கான புத்தகம், குடை அல்லது ஊன்றுகோல், குழந்தைக்கு வழியில் தேவைப்படும் உணவு, மடக்கு சக்கர நாற்காலி, லேப்டாப் போன்றவை அதில் அடங்கும்.

இரண்டாவது, விமான நிறுவனத்தின் விதி. எத்தனை கிலோ, எத்தனை சென்டிமீட்டர், மீறினால் எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் இதில்தான் வரும். ஒவ்வொரு நிறுவனமும் தன் பயண நிபந்தனைகளில் இதை எழுதி வைத்திருக்கிறது. டிக்கெட் வாங்கும்போது நாம் படிக்காமலேயே "சம்மதம்" என்று அழுத்துவது இதற்குத்தான்.

ஆகவே வாசலில் நிற்கும் ஊழியர் "இது பாதுகாப்பு விதி" என்று சொன்னால் அது எப்போதும் முழு உண்மையாக இருக்காது. பைகளின் எண்ணிக்கை பாதுகாப்பு விதி. கூடுதல் அரைக் கிலோவுக்கான கட்டணம் வணிக விதி.

எல்லாம் 115, ஆனால் ஒன்றல்ல

நம் மக்கள் அதிகம் பயன்படுத்தும் சில நிறுவனங்களின் அளவுகளைப் பாருங்கள். நீளம், அகலம், கனம் என்ற வரிசையில், சென்டிமீட்டர் கணக்கில்:

இண்டிகோ: 55, 35, 25. எடை 7 கிலோ. கூடவே 3 கிலோ வரை பெண்களின் கைப்பை அல்லது சிறிய லேப்டாப் பை.

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்: 56, 36, 23. கைப்பையும் சிறு பையும் சேர்த்தே 7 கிலோ.

ஏர் அரேபியா: 55, 40, 20. சிறு பையையும் சேர்த்து மொத்தம் 10 கிலோ.

ஸ்கூட்: 54, 38, 23. இரண்டு பைகளும் சேர்த்து 10 கிலோ.

ஏர் ஏசியா: 56, 36, 23. இரண்டும் சேர்த்து 7 கிலோ.

ஒவ்வொன்றின் மூன்று அளவுகளையும் கூட்டினால் எல்லாமே 115 சென்டிமீட்டர்தான். ஆனால் வடிவம் வேறு. ஏர் அரேபியாவுக்காக வாங்கிய 40 சென்டிமீட்டர் அகலப் பை, 35 அல்லது 36 சென்டிமீட்டர் அகலமுள்ள அளவுக் கூண்டுக்குள் நுழையாது. இண்டிகோவுக்குப் பொருந்தும் 25 சென்டிமீட்டர் கனமுள்ள பை ஏர் அரேபியாவில் ஐந்து சென்டிமீட்டர் அதிகம். போகும்போது ஒரு நிறுவனம், வரும்போது வேறு நிறுவனம் என்று மலிவாகக் கிடைத்ததை வாங்கும் நமக்கு இது பெரிய சிக்கல். ஷார்ஜா வழியாக ஜித்தாவுக்கு உம்ரா போகிறவர்களும் திரும்பும் டிக்கெட் எந்த நிறுவனத்துடையது என்று பார்ப்பதில்லை.

இதிலிருந்து ஒரு எளிய கணக்கு கிடைக்கிறது. மேலே உள்ள ஐந்து நிறுவனங்களிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொண்டால் நீளம் 54, அகலம் 35, கனம் 20 என்று வரும். சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து இந்த அளவுக்குள் அடங்கும் பை ஐந்திலும் செல்லும். கடைக்காரர் "கேபின் சைஸ்" என்று சொல்வதை நம்பி வாங்காமல், டேப் கொண்டு அளந்து வாங்குவது நல்லது. இந்த அளவுகள் மாறக்கூடியவை. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அந்த நிறுவனத்தின் தற்போதைய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடையிலும் ஒரு பொறி இருக்கிறது. சக்கரம் வைத்த கடினமான டிராலிப் பை வெறுமையாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். ஏழு கிலோவில் மீதி நான்கு கிலோதான் நமக்கு. ஒரு கிலோவுக்குக் குறைவான துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டால் ஆறு கிலோ நமக்குக் கிடைக்கிறது.

விமான நிறுவனம் சொல்லும் நியாயம்

அளவு வைப்பதே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. 186 இருக்கைகள் கொண்ட ஒரு விமானத்தில் ஒவ்வொருவரும் 7 கிலோ கைப்பையும் 3 கிலோ சிறு பையும் கொண்டு வந்தால் மொத்தம் 1,860 கிலோ. ஆளுக்கு இரண்டு கிலோ கூடினால் இன்னும் 372 கிலோ ஏறும். விமானத்தின் எடைக் கணக்கில் இது சிறிய விஷயமில்லை. தலைக்கு மேல் உள்ள அறையில் இடமும் குறைவு. தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்கு வந்துபோகும் ஏடிஆர் வகைச் சிறு விமானங்களில் இன்னும் நெருக்கடி. வேலூர் அப்துல்லாபுரம் தளத்தை உதான் திட்டத்தில் சேர்த்தபோது பேசப்பட்டதும் சிறு விமானங்களைப் பற்றித்தான். அங்கிருந்து பறக்கும் நாளில் நம் பகுதி மக்களுக்கும் இதே கேள்வி வரும்.

மலிவு விமானத்தின் வணிகமே விமானத்தைத் தரையில் நிறுத்தாமல் ஓட்டுவதில்தான் இருக்கிறது. இறங்கிய விமானம் அரை மணி நேரத்தில் மீண்டும் கிளம்ப வேண்டும். பை வைக்க இடம் தேடிப் பத்துப் பேர் நடைபாதையில் நின்றால் அன்றைய நாள் முழுக்க எல்லா விமானங்களும் தாமதமாகும். மேலிருந்து கனமான பை விழுந்தால் கீழே உட்கார்ந்திருப்பவருக்குக் காயம் ஏற்படும்.

விதியைச் சொல்லும் ஊழியர்களும் சம்பளத்துக்கு உழைக்கும் மனிதர்கள்தான். 2025 ஜூலை 26 அன்று ஸ்ரீநகர் விமான நிலையத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மொத்தம் 16 கிலோ எடையுள்ள இரண்டு கைப்பைகளோடு வந்த பயணி ஒருவரிடம் கூடுதல் கட்டணம் கேட்டதற்காக நான்கு ஊழியர்கள் தாக்கப்பட்டதாக ஸ்பைஸ்ஜெட் தெரிவித்தது. அவர்களில் ஒருவருக்கு முதுகெலும்பு முறிந்தது என்றும் அந்த நிறுவனம் சொன்னது. நமக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் அதை வாசலில் நிற்பவர் மீது காட்டுவது தவறு.

எங்கே அநியாயம் தொடங்குகிறது?

இடத்தையும் நேரத்தையும் காப்பதற்காக வைத்த அளவு, வருமானம் ஈட்டும் வழியாக மாறும்போதுதான் பிரச்சினை வருகிறது. டிக்கெட்டின் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, இருக்கைத் தேர்வு, உணவு, லக்கேஜ் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக வாங்குவது உலகெங்கும் பரவிவிட்டது. இந்தியாவில் செக்-இன் லக்கேஜ் இல்லாத பயணிகளுக்குக் குறைந்த விலையில் டிக்கெட் விற்க 2021 பிப்ரவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அனுமதி அளித்தது. சிங்கப்பூர், மலேசியா மார்க்கத்தில் மிக மலிவான டிக்கெட்டுகளில் கைப்பை மட்டும்தான் உண்டு.

கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க அரசு ஒரு முறை முயன்றது. உள்நாட்டு விமானங்களில் 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரையிலான செக்-இன் லக்கேஜுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016 ஜூனில் இயக்குநரகம் உத்தரவிட்டது. விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு நீதிமன்றம் சென்றது. கட்டணத்தை இப்படி நிர்ணயிக்கும் அதிகாரம் இயக்குநரகத்துக்கு இல்லை என்று 2017 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கூடுதல் எடைக்கு எவ்வளவு வாங்கலாம் என்பது அதன்பிறகு நிறுவனங்களின் விருப்பத்துக்கே போய்விட்டது.

ஐரோப்பாவில் இதே சண்டை வேறு வடிவில் நடக்கிறது. எடையிலும் அளவிலும் நியாயமான வரம்புக்குள் இருக்கும் கைப்பை பயணத்தின் அவசியமான பகுதி, அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. "நியாயமான அளவு" என்றால் எத்தனை சென்டிமீட்டர் என்று அது சொல்லவில்லை. அந்த ஓட்டைக்குள் நிறுவனங்கள் புகுந்துகொண்டன. இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு பை மட்டும் இலவசம், மேலே வைக்கும் பைக்குப் பணம் என்று ஆனது. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ரயன்ஏர், ஈஸிஜெட், வூலிங் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்களுக்குச் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. நிறுவனங்கள் நீதிமன்றத்தில் எதிர்க்கின்றன. ரயன்ஏர் 2025-இல் தன் இலவசச் சிறு பையின் அளவை 40, 25, 20 என்பதிலிருந்து 40, 30, 20 சென்டிமீட்டராக உயர்த்தியது. அதே நிறுவனம் அளவுக்கு மீறிய பையைப் பிடிக்கும் ஊழியருக்கு ஒரு பைக்கு 2.50 யூரோ ஊக்கத்தொகை தருவதாகவும் வெளிப்படையாகச் சொன்னது. பிடிப்பவருக்குப் பங்கு கிடைக்கும் இடத்தில் அளவு சரியாகத்தான் பார்க்கப்படும் என்று பயணி எப்படி நம்புவது?

குரல் கொடுத்தால் மாறும்

நம் அனுபவத்திலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

2019 ஜூலையில் ஹஜ் காலம். ஜித்தாவிலிருந்து ஹைதராபாத்-மும்பை மற்றும் கொச்சி செல்லும் விமானங்களில் ஜம்ஜம் கேன்களை ஏற்ற முடியாது என்று ஏர் இந்தியா அறிவித்தது. பெரிய விமானத்துக்குப் பதில் சிறிய விமானம் இயக்கப்படுவதும் இடக்குறைவும் காரணமாகச் சொல்லப்பட்டன. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே, அனுமதிக்கப்பட்ட லக்கேஜ் எடைக்குள் ஜம்ஜம் கொண்டு வரலாம் என்று நிறுவனம் விளக்கமளித்து வருத்தமும் தெரிவித்தது.

2024 ஆகஸ்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், அமீரகத்திலிருந்து இந்தியா வரும் பயணிகளுக்கான இலவசச் செக்-இன் எடையை 30 கிலோவிலிருந்து 20 கிலோவாகக் குறைத்தது. ஈராண்டுக்கு ஒருமுறை ஊர் வரும் தொழிலாளிக்கு அந்தப் பத்துக் கிலோவில்தான் பிள்ளைகளின் துணியும் பெற்றோரின் மருந்தும் இருக்கும். வளைகுடா வாழ் இந்தியர் அமைப்புகள் எதிர்த்தன. சில மாதங்களுக்குள் 30 கிலோ திரும்ப வந்தது.

இரண்டிலும் பயணிகள் தனித்தனியாக வாசலில் சண்டை போட்டு வெல்லவில்லை. எழுத்தில், கூட்டாக, காரணத்தோடு கேட்டபோதுதான் மாற்றம் வந்தது.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, ஒரே அளவு. இந்தியாவிலிருந்து புறப்படும் எல்லா விமானங்களும் ஏற்றாக வேண்டிய குறைந்தபட்சக் கைப்பை அளவு ஒன்றை அரசு சட்டப்படி அறிவிக்க வேண்டும். மொத்தத்தில் எல்லோரும் 115-இல் நிற்கும்போது வடிவத்தில் ஒத்துப்போவது இயலாத காரியமல்ல.

இரண்டாவது, டிக்கெட்டிலேயே தெளிவு. பயண முகவர் தரும் தாளில் "கேபின் 7 கிலோ" என்று மட்டும் இருந்தால் போதாது. அது இரண்டு பைகளுக்கும் சேர்த்தா, மீறினால் வாசலில் எவ்வளவு என்பதெல்லாம் தமிழில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சரியான தராசு. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி, வணிகத்துக்குப் பயன்படும் எடைக்கருவி சரிபார்க்கப்பட்டு முத்திரை இடப்பட்டிருக்க வேண்டும். தெருவோரக் காய்கறிக் கடையின் தராசில் முத்திரை தேடும் நாம், ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் தராசில் தேட ஏன் தயங்குகிறோம்? அளவையில் குறைவு செய்வோரை எச்சரிக்கும் முதஃப்பிஃபீன் அத்தியாயத்தைப் படிப்பவர்கள் நாம். இது நமக்கும்தான் பொருந்தும். தராசில் வைக்கும்போது மட்டும் நான்கு கிலோவை உறவினர் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வதும் அளவை மோசடிதான்.

நான்காவது, வாசலில் மாட்டிக்கொள்பவருக்கு ஒரு வழி. கூடுதல் பொருளை நியாயமான கட்டணத்தில் செக்-இன் பகுதிக்கு அனுப்பும் வாய்ப்பு இருக்க வேண்டும். குப்பைத் தொட்டி மட்டுமே வழி என்ற நிலை கூடாது.

அதுவரை நாம் செய்யக்கூடியவை

கைப்பையை வீட்டில் நிறுத்தும்போது ஏழுக்குப் பதில் ஆறரையில் நிறுத்துங்கள். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் வேறுபட இடம் இருக்கட்டும்.

தேன், நெய், ஊறுகாய் போன்றவற்றைக் கைப்பையில் வைக்காதீர்கள். கசியாமல் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அதை எடுத்துச் செல்லவே வேண்டாம். உம்ரா முடித்து வருபவர்கள் முறையாகப் பொதிந்து விற்கப்படும் 5 லிட்டர் ஜம்ஜம் கேனை மட்டும் வாங்குங்கள். அது தங்கள் டிக்கெட்டில் தனியாக அனுமதிக்கப்படுகிறதா, எடைக்குள் சேருமா என்று புறப்படும் முன்பே முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். வாசலில் உங்கள் பையை வாங்கிக் கீழே அனுப்பினால், பவர் பேங்க், மருந்து, பணம், நகை, பாஸ்போர்ட் ஆகியவற்றை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். பையின் எண் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு கொடுத்து வாங்கிய பைக்கு நிறுவனம் பொறுப்பு. சர்வதேசப் பயணத்தில் பை சேதமானால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பது மாண்ட்ரீல் உடன்படிக்கையின் விதி.

பணம் கட்ட நேர்ந்தால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். தராசில் பை இருக்கும்போதே எடையைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு நிறுவனத்துக்கும், மத்திய அரசின் ஏர்சேவா தளத்துக்கும் புகார் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வந்த பிறகு, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கண்ணமங்கலத்துக்காரர் இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும்.

ஊர் ஜமாஅத்துகளுக்கும் பயண முகவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சில நூறு ரூபாய்க்குக் கொக்கித் தராசு கிடைக்கிறது. அதில் ஒன்றும், அளவு டேப் ஒன்றும், விதிகளைத் தமிழில் எழுதிய ஒரு தாளும் உங்கள் அலுவலகத்தில் இருக்கட்டும். முதல் முறை விமானம் ஏறும் பிள்ளை புறப்படும் முன் அங்கே வந்து பையை நிறுத்துப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

என் சித்தப்பா மகன் இன்ஷா அல்லாஹ் அடுத்த ஆண்டு விடுப்பில் வருகிறான். அவனுடைய அம்மாவுக்கு அந்தப் பலகாரப் பொட்டலம் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. "பிள்ளைகள் எல்லாம் பகிர்ந்து சாப்பிட்டார்களாமா?" என்று சித்தி கேட்கும்போது நாங்கள் தலையை மட்டும் ஆட்டுகிறோம்.